தொடர் அல்ல, முதலில் ஒரு புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் இரண்டு முறை படித்து முடித்துவிட்டாள். அடுத்து என்ன என்று கேட்டதால், பிறந்தநாளுக்கு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களும் ஒன்றாக உள்ள பெரிய புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து பக்கம் படித்துவிட்டு, ‘எனக்கு இது வரலப்பா’ என்று மூடி வைத்துவிட்டாள். அதன்பின் இரண்டு மாதமாக வேறு எந்தக் கதைப் புத்தகத்தையும் தொடவில்லை. ஃபேண்டசி வகையில் காலத்தால் நின்ற நாவல்கள், தொடர்கள் எவை? எந்த வரிசையில் கொடுக்கலாம்? என் அம்மாவோ, சூனியம், பேய் என்று படித்தால் பிள்ளை பயந்துபோகும் என்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் ‘எனக்கு இது வரலப்பா’ என்ற அந்த ஒரு வரியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 23 ஆண்டுகளாகப் பள்ளி நூலகராக இருக்கிறேன். இதே சொற்களை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர்களாகிய நாம் ஒரு புத்தகம் பிடிக்காவிட்டால் புத்தகத்தைக் குறை சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள், அதிலும் நன்றாகப் படிக்கிறவள் என்று வீட்டில் பெயர் வாங்கிய பிள்ளைகள், குறையைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வார்கள். ஆகவே எதைக் கொடுப்பது என்பதற்கு முன்னால், அவள் ஏன் அங்கே நின்றாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை அவளிடம் அப்படியே சொல்லலாம்.

பத்துப் பதினைந்து பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களில் கதை இன்னும் தொடங்கியிருக்காது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலின் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு நீண்ட முகவுரை இருக்கிறது. ஹாபிட்டுகள் என்ற குள்ள மக்களில் எத்தனை கிளைகள், அவர்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தது எப்படி, புகைக்கும் இலையை அவர்களில் முதலில் பயிரிட்டவர் யார், அவர்களுடைய நாட்டில் அஞ்சலும் காவலும் எவ்வாறு நடந்தன என்று, ஒரு பேராசிரியர் வரலாறு எழுதுவதைப் போல அது விரிந்துகொண்டே போகும். எழுதியவர் உண்மையிலேயே பேராசிரியர்தான், ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். அந்த உலகத்தை ஏற்கெனவே நேசிப்பவருக்கு அந்த முகவுரை விருந்து. முதல் முறையாக வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு அது சாத்திய கதவு. உங்கள் மகள் கதையைப் படித்துத் தோற்கவில்லை; கதையை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே புத்தகத்தை எடுத்துப் போய் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தான். “நல்லா இருந்துச்சு மிஸ்” என்றான். அடையாளத்துக்கு அவன் செருகிய பேருந்துச் சீட்டு உள்ளேயே இருந்தது. முகவுரையின் ஒன்பதாம் பக்கம். நான் அதைப் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் நாவல் அலமாரிப் பக்கமே வரவில்லை. கிரிக்கெட் இதழ்களோடு நின்றுகொண்டான். அவனிடம் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். ஃபேண்டசி கேட்டு வரும் பிள்ளைக்கு நான் தொடரைக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறேன், அதுவும் தன்னளவில் தொடங்கித் தன்னளவிலேயே முடிகிற புத்தகமாகப் பார்த்து. ஐந்து, ஏழு என்று பாகங்கள் அடுக்கிய பெட்டி பரிசாக வந்தால், பிள்ளை அதைப் பாடத்திட்டத்தைப் போலப் பார்க்கத் தொடங்கிவிடும். இந்த வகையின் நல்ல தொடர்கள் பலவற்றில் முதல் புத்தகம் தனியாகவே நிற்கும் என்பது நமக்கு வசதி. அதை முடித்துவிட்டு அடுத்ததை அவளே கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பணமும் மிச்சம், யாருக்கும் மனக்கசப்பும் இல்லை.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது அதே டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘த ஹாபிட்’. தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எழுதாமல் விடப்பட்டிருந்த ஒரு வெற்றுப் பக்கத்தில் அதன் முதல் வரியை அவர் எழுதினார். பிறகு தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிக் கதையை வளர்த்தார். கைப்பிரதி பதிப்பாளரிடம் போனபோது, அவர் அதைத் தம்முடைய 10 வயது மகனிடம் கொடுத்துக் கருத்து எழுதித் தரச் சொன்னார். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். அந்தச் சிறுவன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகே புத்தகம் அச்சுக்குப் போனது. இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: உலகமே கொண்டாடும் அந்தக் கதைக்கு முதல் தீர்ப்பு எழுதியவன் அவளைவிட இரண்டு வயது இளையவன்.

இந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரவில் நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 12 வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதா என்று தோன்றலாம். இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. உங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். தடுமாறும் இடத்தில் அவள் திருத்துவாள், திருத்துவதில் அவளுக்கு ஒரு பெருமிதம் வரும். மொத்தம் 19 அத்தியாயங்கள். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஐந்தாவது அத்தியாயத்துக்குப் பிறகு அவள் உங்களுக்காகக் காத்திருப்பாளா என்பது சந்தேகமே.

அந்த ஐந்தாவது அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பில்போ என்ற ஹாபிட், மலைக்கு அடியில் கும்மிருட்டான சுரங்கத்தில் வழி தவறிவிடுகிறார். தரையைத் தடவிக்கொண்டு போகையில் ஒரு மோதிரம் கையில் தட்டுப்பட, அது என்னவென்று தெரியாமலேயே சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அப்பால் ஒரு நிலத்தடி ஏரி. அதன் நடுவே ஒரு பாறையில் கோல்லம் என்ற மெலிந்த, வெளிறிய கண்களுடைய ஒரு பிராணி. இரண்டு பேரும் விடுகதைப் போட்டி வைத்துக்கொள்கிறார்கள். பில்போ வென்றால் கோல்லம் வெளியே போக வழி காட்ட வேண்டும். தோற்றால் கோல்லத்துக்கு அவரே இரை. மலை, பல், காற்று, இருட்டு, முட்டை, மீன் என்று விடைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லாம் நம் பாட்டிகள் போடும் விடுகதைகளைப் போன்றவைதான். கடைசியாகக் கோல்லம் போடும் விடுகதைக்கு பில்போவுக்கு விடை தெரியவில்லை. கோல்லம் தண்ணீரிலிருந்து எழுந்து அருகே வந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் கொடு என்று கத்த நினைத்தவருக்கு, பயத்தில் ‘நேரம், நேரம்’ என்ற சொல் மட்டுமே வாயிலிருந்து வெளிவருகிறது. விடையும் அதுதான். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

அதே அத்தியாயத்தின் முடிவில் இன்னொன்று நடக்கிறது. மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாதவராகிவிட்ட பில்போ, வழியை அடைத்து உட்கார்ந்திருக்கும் கோல்லத்தைக் கத்தியால் குத்திவிட்டுப் போயிருக்கலாம். கை கத்திக்குப் போகிறது. வெளிச்சமே இல்லாமல், பேசத் துணை இல்லாமல், மாறாத நாட்கள் முடிவில்லாமல் நீளும் அந்தப் பிராணியின் வாழ்க்கை ஒரு கணம் அவர் மனத்தில் வந்து போகிறது. குத்தாமல் அதன் தலைக்கு மேலே தாவி ஓடிவிடுகிறார். பிற்பாடு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முழுவதும் அந்த ஒரு கணத்து இரக்கத்தின் மேல்தான் நிற்கிறது. 1937-இல் வந்த முதல் பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. பெரிய கதையை எழுதும்போது மோதிரத்தின் பொருள் மாறிவிட்டதால், டோல்கீன் இதைத் திருத்தி எழுத, 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெற்றது. இன்று நாம் வாங்கும் பதிப்புகளில் இருப்பது திருத்திய வடிவமே.

‘ஹாபிட்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேச்சோடு பேச்சாக அவளிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: ஹாரி பாட்டரில் அவளுக்கு எந்த இடம் மிகவும் பிடித்தது? பள்ளியும் பாடமும் மந்திரம் கற்பதுமா, மூன்று நண்பர்களின் சேட்டையா, அல்லது இருட்டான எதிரி நெருங்கி வரும் அச்சமா? அடுத்த புத்தகத்தை அவளுடைய பதில்தான் முடிவு செய்ய வேண்டும். பிரபலமானது எது என்று பார்த்துக் கொடுத்ததால்தானே முதலில் தவறிப்போனோம்.

மந்திரம் கற்பது பிடிக்கும் என்றால், உர்சுலா கே. லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், இந்த வகையில் எழுதப்பட்டவற்றுள் இதைவிட நேர்த்தியான சிறு நூலை நான் படித்ததில்லை. ஹாரி பாட்டர் படிக்கும் ஹாக்வர்ட்ஸ் பள்ளி புத்தகத்தில் தோன்றுவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே, ரோக் என்ற தீவில் மந்திரம் கற்பிக்கும் பள்ளி ஒன்றை அவர் எழுப்பிவிட்டார். தொடக்கத்தில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் மலைச்சரிவில் வெள்ளாடு மேய்க்கிறான். தாய் இல்லை, தந்தை வெண்கலக் கொல்லர். கூரை மேல் ஏறிய ஆட்டை அவனுடைய அத்தை ஏதோ சொல்லி இறங்க வைத்ததைக் கேட்டவன், மறுநாள் மேய்ச்சலில் அதே சொற்களை, பொருள் தெரியாமலேயே, தன் ஆடுகளைப் பார்த்துக் கத்துகிறான். ஆடுகள் வந்துவிடுகின்றன. கத்தாமல், ஓசையே இல்லாமல், மஞ்சள் கண்களால் அவனையே பார்த்தபடி எல்லாம் சேர்ந்து வருகின்றன. சிரித்துக்கொண்டு இன்னொரு முறை சொல்கிறான்; இன்னும் நெருக்குகின்றன. பயந்துபோய் ஓடுகிறான், சுற்றி இறுக்கிக்கொண்டு அவையும் கூடவே ஓடி, ஊருக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. ஆடு மேய்த்தவர்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபட்டுவிடும். கட்டுப்படுத்தத் தெரியாத சக்தியை வாய்க்கு வந்தபடி அழைத்தால் என்ன ஆகும் என்ற அந்தப் புத்தகத்தின் முழு விஷயமும் இந்த இரண்டு பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சிறுவன் வளர்ந்து, கர்வத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் செம்பழுப்பு, கருநிறத் தோல் உடையவர்கள், நாயகனும் அப்படியே. லெ குவின் அதை வேண்டுமென்றே செய்தார். ஆனாலும் அட்டைப் படங்களில் வெள்ளைக்காரச் சிறுவனை வரைந்துவிட்டார்கள் என்று அவர் நெடுங்காலம் வருந்தினார். கையில் எடுக்கும் புத்தகங்களிலெல்லாம் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடையவர்களையே சந்தித்து வந்த பிள்ளைக்கு இது சிறிய விஷயம் அல்ல. இதன் அடுத்த நூலான ‘த டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்’, கோயிலுக்கென்று சிறுவயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டு, சொந்தப் பெயரையும் இழந்த ஒரு பெண்ணின் கதை. விளக்கு ஏற்றக் கூடாத நிலவறைச் சுற்றுவழிகளை அவள் விரலால் தடவித் தடவி, திருப்பங்களை எண்ணி மனப்பாடம் செய்கிறாள். பெண் பிள்ளைகளில் பலர் முதல் புத்தகத்தைவிட இதை நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த நான்காவது நூல் ‘டெஹானு’ மிக உயர்ந்த நாவல். ஆனால் அதில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை மையமாக இருப்பதால், 16, 17 வயதில் படிக்கட்டும்.

சேட்டையும் சிரிப்பும் பிடிக்கும் என்று உங்கள் மகள் சொன்னால், எர்த்சீ வேண்டாம்; அதில் சிரிப்பு மிகக் குறைவு. டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ கொடுங்கள். மூன்று பெண்களில் மூத்தவள், தொப்பிக் கடையில் வாழ்க்கை முடிந்துவிடும் என்று அடங்கிக் கிடப்பவள், சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தால் ஒரே நாளில் கிழவியாகிவிடுகிறாள். இளம் பெண்ணாக இருந்தபோது வாய் திறக்காதவள், கிழவியான பிறகு யாருக்கும் அஞ்சாமல் பேசத் தொடங்குகிறாள்; ஊரே பயப்படும் மந்திரவாதியின் வீட்டுக்குள் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்க ஆரம்பித்துவிடுகிறாள். 2004-இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதை வைத்து எடுத்த திரைப்படத்தை உங்கள் மகள் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. புத்தகம் பல இடங்களில் வேறு திசையில் போகிறது. படம் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் குறையாது.

நார்னியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். டோல்கீனின் நண்பரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியருமான சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளியிட்ட ஏழு புத்தகங்கள். எளிய ஆங்கிலம், மெலிந்த புத்தகங்கள். இப்போது விற்கும் தொகுப்புகளில் ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்பதற்கு முதல் எண் போட்டிருப்பார்கள். கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி அது முதலில் வருவது உண்மை, லூயிஸே 1957-இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரிசையை ஆதரித்ததும் உண்மை. ஆனாலும் நான் அதை ஏற்பதில்லை. முதலில் வெளிவந்த ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ நூலில் ஒரு சிறுமி துணி அலமாரிக்குள் நுழைந்து, உரோமக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போகப் போக, காலடியில் பனி நொறுங்குகிறது. நடுக்காட்டில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. அந்த விளக்கு அங்கே எப்படி வந்தது என்பதை இன்னொரு புத்தகத்தில் முன்கூட்டியே தெரிந்துகொண்டுவிட்டால், அந்த வியப்பு பிள்ளைக்கு மறுபடி கிடைக்காது. வெளிவந்த வரிசையிலேயே கொடுங்கள்.

நார்னியாவில் கிறிஸ்தவ இறையியல் ஓடுகிறது. கதையைத் தடுக்காது, பிறகு தெரிந்துகொண்டாலும் போதும். ஆனால் ‘த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’, ‘த லாஸ்ட் பேட்டில்’ ஆகியவற்றில், தலைப்பாகை கட்டிய, கருநிறத் தோலுடைய தெற்கு நாட்டு மக்களைக் கொடியவர்களாகவும் தந்திரக்காரர்களாகவும் அவர் பெரும்பாலும் காட்டியிருப்பது எனக்கு ஒவ்வாதது. ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அந்த இடம் வரும்போது, “இவர்கள் யார் மாதிரி இருக்கிறார்கள்?” என்று அவளையே கேளுங்கள். நான் கேட்ட பிள்ளைகள் எல்லாரும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

லாயிட் அலெக்ஸாண்டர் எழுதிய ப்ரிடெய்ன் தொடர் எல்லாக் கடைகளிலும் இருக்காது. தேடித்தான் வாங்க வேண்டும். தேடுங்கள் என்பேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரராக வேல்ஸ் நாட்டில் இருந்த அமெரிக்கர் அவர். அந்த நாட்டுத் தொன்மக் கதைகளிலிருந்து 1964 முதல் 1968 வரை ஐந்து நாவல்களை எழுதினார். நாயகன் டாரன் ஒரு பன்றி மேய்ப்பவன். தான் பெரிய வீரனாக வேண்டும் என்று துடிப்பவன். முதல் நூல் ‘த புக் ஆஃப் த்ரீ’ கலகலப்பான சாகசம். எனக்கு நான்காவது நூலான ‘டாரன் வாண்டரர்’ மேல்தான் உயிர். தான் யாருடைய மகன் என்று தேடிக்கொண்டு போகும் டாரன், வழியில் கொல்லரிடமும் நெசவாளரிடமும் தொழில் கற்கிறான். கடைசியில் ஒரு குயவரிடம் வந்து சேர்கிறான். சக்கரத்தில் மண் சுழன்று எழும்போது, இதுதான் என் வேலை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. உழைக்கிறான். ஆனால் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கைத்திறன் தனக்கு வாய்க்கவில்லை என்பதை அவனே உணர்கிறான். குயவரும் பொய் சொல்லித் தேற்றுவதில்லை. ஆசையும் உழைப்பும் இருந்தும் ஒன்று வாய்க்காமல் போகலாம், அதன் பிறகும் ஒருவன் நிமிர்ந்து நடக்கலாம் என்பதைப் பிள்ளைகளிடம் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன புத்தகங்கள் குறைவு. மதிப்பெண் பேச்சு நடக்கும் வீடுகளில் இருக்க வேண்டிய புத்தகம் என்று நான் நினைப்பேன். ஐந்தாவது நூல் ‘த ஹை கிங்’, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கும் நியூபெரி பதக்கத்தை 1969-இல் பெற்றது.

இனி உங்கள் அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி: பயம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், வீட்டில் கூடவே இருப்பவருக்கே அது தெரியும். ஆனால் அம்மாவிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தன் கதையை அவர் சிறுவயதில் அம்புலிமாமாவில் படித்திருப்பார். அந்தப் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் பேசத் தொடங்கும்போது பயந்தும் இருப்பார், அடுத்த மாத இதழுக்குக் காத்தும் இருந்திருப்பார். சூனியம் ஒரு கதைக்குள் இருந்தால் அது முடிகிற இடமும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும். பிள்ளைக்கு அந்த முடிவு வரை கூட ஒருவர் இருந்தால் போதும். வாரத்தில் ஓரிரவு அம்மாவே ஒரு வேதாளக் கதை சொல்லட்டும். இரண்டு உலகமும் அவளுக்கு ஒன்றோடொன்று பேசட்டும்.

அச்சமே பிடிக்கும் என்று அவள் சொன்னால், சூசன் கூப்பர் 1973-இல் எழுதிய ‘த டார்க் இஸ் ரைசிங்’ இருக்கிறது. இதில் மட்டும் என் விதியை மாற்றிச் சொல்வேன்: இது தொடரில் இரண்டாவது புத்தகம், ஆனால் முதல் புத்தகம் சற்றுச் சிறுபிள்ளைத்தனமானது, இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். 11 வயது நிறையப்போகும் நாளுக்கு முந்தைய மாலையில், நாயகன் கடந்துபோகும்போதெல்லாம் வானொலி கரகரக்கிறது; தினமும் கையால் தீனி தின்ற முயல்கள் அவனைக் கண்டு ஒதுங்குகின்றன. இரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனால் முதுகுத்தண்டு சில்லிடும். இதைப் பகலில் படிக்கக் கொடுங்கள்.

இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. பிலிப் புல்மன் எழுதிய ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்று நூல்களும் மிகச் சிறந்தவை. அவற்றில் வரும் இழப்பைத் தாங்க இன்னும் இரண்டு ஆண்டுகள் போகட்டும். ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 14 தடித்த பாகங்கள். எழுதியவர் 2007-இல் மறைந்த பின் பிராண்டன் சாண்டர்சன் முடித்து வைத்தார். நாம் ஏற்கெனவே சந்தித்த சிக்கலை அது பதினான்கு மடங்காக்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்கள் குழந்தைகளுக்கானவை அல்ல. வன்முறையும் பாலுறவும் வெளிப்படையாக வருகின்றன. வாளும் டிராகனும் அட்டையில் இருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஆங்கிலம் கடினமா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அவளைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் சில மாதம் காத்திருக்கலாம். ஃபேண்டசி நாவல்களில் மட்டும், இட்டுக்கட்டிய பெயர்களுக்கு விரலை மடக்கக் கூடாது. அவை எழுத்தாளரைத் தவிர யாருக்குமே முதலில் தெரியாதவை. முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால் நகல் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் சலிப்பு போய்விடும், சில பிள்ளைகள் பென்சிலால் பயணத்தைக் குறித்துக்கொண்டே வருவார்கள். படித்ததைச் சுருக்கிச் சொல், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால், காரணம் சொல்லாமல் மூடி வைக்க அவளுக்கு முழு உரிமை உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மதுரை உங்களுக்குப் பக்கம்தான். 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய், அலமாரிகளுக்கு நடுவே அவளை விட்டுவிட்டு, நீங்கள் ஒரு நாற்காலியில் உங்கள் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுங்கள். எதை எடுக்கிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.

பிறந்தநாள் பரிசாக வந்த அந்தப் பெரிய புத்தகத்தை அவள் மேசையிலிருந்து எடுத்து, உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். “இது இப்போது என்னுடையது, நான் படிக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே தொடங்குங்கள். முகவுரையை விட்டுவிட்டு, பில்போவின் 111-ஆவது பிறந்தநாள் விருந்து நடக்கும் முதல் அத்தியாயத்திலிருந்து படியுங்கள். கடைசியில் உள்ள ஆறு பின்னிணைப்புகளையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ‘ஹாபிட்’ முடிந்த பிறகு, ஒரு மாதம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ, இருட்டில் விட்டுவிட்டு வந்த அந்தக் கோல்லம் அப்புறம் என்ன ஆனான் என்று அவள் உங்களிடம் கேட்பாள். பதில் சொல்லாதீர்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு பேருந்துச் சீட்டைச் செருகி, புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள்.